ஏப்ரலில் வியன்னா மாநாடு: பெங்களூருவிலிருந்து போகிறவருக்கு

கேள்வி சுருக்கமாக இது: பெங்களூருவில் ஆராய்ச்சி மாணவி. ஏப்ரலில் வியன்னாவின் ஆஸ்திரியா சென்டரில் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு மாநாடு. ஆய்வை விளக்கும் போஸ்டர் ஏற்கப்பட்டுவிட்டது. முதல் வெளிநாட்டுப் பயணம், சைவச் சாப்பாடு. அதே மாநாட்டுக்கு வரும் தோழியோடு அறையைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று எண்ணம். எதை முதலில் செய்வது, எங்கே தங்குவது?

முதலில் பாஸ்போர்ட்டை எடுத்து, உங்கள் பெயர் அதில் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். டிக்கெட், ஹோட்டல் எல்லாம் அதற்குப் பிறகுதான். தமிழர்களுக்கு இந்த இடத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் ‘எஸ். கவிதா’, பாஸ்போர்ட்டில் பெயர் ‘கவிதா’, குடும்பப் பெயர் ‘சுப்பிரமணியன்’, கல்லூரி ஐ.டி. கார்டில் ‘கவிதா எஸ்’ என்று மூன்று விதமாக இருக்கும். மாநாட்டுப் பதிவுப் படிவத்தில் பழக்கதோஷத்தில் ‘கவிதா எஸ்’ என்று நிரப்பினால் அழைப்புக் கடிதமும் அப்படியே வரும். விசா அதிகாரி கையில் இருக்கும் பாஸ்போர்ட்டில் அப்படி ஒருவர் இல்லை. பதிவு, அழைப்புக் கடிதம், கல்லூரியின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), வங்கி ஸ்டேட்மென்ட், காப்பீடு, ஹோட்டல், டிக்கெட் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளே இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு ‘எஸ். கவிதா’ என்று இருந்து மாற்ற நேரமில்லாமல் போனால், இரண்டும் ஒருவரே என்று கல்லூரி லெட்டர்ஹெட்டில் ஒரு வரி எழுதி வாங்கி உடன் வையுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே இருந்தால், டிக்கெட்டில் அதை எப்படிப் போடுவது என்று விமான நிறுவனத்திடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி செய்கிறது.

அதே பாஸ்போர்ட்டில் இன்னும் மூன்று விஷயங்கள். ஷெங்கன் பகுதியை (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளை) விட்டு நீங்கள் கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். 2 பக்கமாவது காலியாக இருக்க வேண்டும்.

விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து கொடுக்கலாம். 15 நாளுக்கும் குறைவாக இருக்கும்போது கொடுக்கக் கூடாது. முடிவுக்கு விதிப்படி 15 நாள். கூடுதல் ஆவணம் கேட்டால் 45 நாள் வரை போகலாம். ஏப்ரல் மாநாட்டுக்கு ஏற்புக் கடிதம் கையில் வருவதற்குள் பிப்ரவரி ஆகிவிடும் என்பதால், உங்களுக்குக் கிடைப்பது எட்டிலிருந்து பத்து வாரம்தான். விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தின் அப்பாயின்ட்மென்ட்டே அதில் இரண்டு மூன்று வாரத்தைச் சாப்பிட்டுவிடும். பெங்களூரு மையம் கொடுத்து வாங்கும் இடம் மட்டுமே. முடிவெடுப்பது டெல்லியில் உள்ள ஆஸ்திரியத் தூதரகம். கூரியர் போய் வரும் நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் 90 யூரோவுக்குச் சமமான ரூபாய், அதன் மேல் மையத்தின் சேவைக் கட்டணம். ‘ஸ்லாட் வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்கும் ஏஜென்ட் யாருக்கும் ஒரு பைசா கொடுக்க வேண்டாம்.

எந்த நாட்டு விசா என்பதில் குழப்பம் வேண்டாம். அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாடு. இரண்டு நாடுகளில் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாடு. மாநாடு முடிந்ததும் பத்து நாள் இத்தாலி சுற்றத் திட்டம் போட்டுவிட்டு ஆஸ்திரியாவுக்கு விண்ணப்பித்தால், கணக்குப் பார்த்துத் திருப்பிவிடுவார்கள்.

இனி தேதிகள். விண்ணப்பங்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஆவணம் இல்லாததால் இல்லை, இருக்கும் ஆவணங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால்தான். ஐரோப்பா போகும் விமானங்கள் பல பெங்களூருவிலிருந்து நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பும். ஞாயிறு 19-ஆம் தேதி, 02:30 மணி என்று டிக்கெட்டில் இருந்தால், நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்புவது சனிக்கிழமை 18-ஆம் தேதி இரவு. வியன்னாவில் இறங்குவது 19-ஆம் தேதி, அதே ஞாயிறு. திரும்பும்போது சனி 25 மதியம் ஏறினால் பெங்களூருவில் இறங்குவது 26. இப்போது ஒவ்வொரு தாளையும் பாருங்கள்: ஹோட்டல் 19 முதல் 25 வரை, 6 இரவு, காப்பீடு குறைந்தது 18 முதல் 26 வரை, கல்லூரி விடுப்புக் கடிதம் 18 முதல் 26 வரை, விண்ணப்பத்தில் தங்கும் நாள்கள் 7. வந்த நாள், போகும் நாள் இரண்டையும் ஷெங்கன் கணக்கில் எண்ண வேண்டும். என்.ஓ.சி. தயாரிக்கும் அலுவலகம் மாநாட்டு நாள்களை மட்டும் பார்த்து ‘20 முதல் 24 வரை அனுமதி’ என்று அடித்துக் கொடுத்துவிடும். அதை வாங்கிப் பையில் போடுவதற்கு முன் அங்கேயே நின்று படித்துவிடுங்கள்.

ஆவணக் கட்டு இப்படி இருந்தால் போதும்: முகப்புக் கடிதம் ஒரே பக்கம், நாள் வாரியான திட்டம், ஏற்புக் கடிதம், பதிவுக் கட்டண ரசீது, மாநாட்டின் அழைப்புக் கடிதம், கல்லூரியின் போனஃபைடும் (மாணவி என்ற சான்று) என்.ஓ.சி.யும், செலவை யார் ஏற்கிறார்கள் என்ற கடிதம், ஃபெலோஷிப் உத்தரவு, வங்கி முத்திரையோடு ஸ்டேட்மென்ட், காப்பீடு, தங்குமிடம், விமான ரிசர்வேஷன், 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில் புதிய புகைப்படம். ஸ்டேட்மென்ட் எத்தனை மாதத்துக்கு என்பதை மையத்தின் செக்லிஸ்ட்டில் பாருங்கள். விண்ணப்பிக்கும் வாரத்தில் சித்தப்பாவிடம் மூன்று லட்சம் வாங்கிக் கணக்கில் போடுவது உதவாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும். பணம் அப்பா தருகிறார் என்றால் அதையே எழுதி, அவருடைய கையெழுத்துக் கடிதமும் ஸ்டேட்மென்ட்டும் வையுங்கள். விமானத்துக்கு ரிசர்வேஷன் போதும், ஆனால் விமான நிறுவனத்தின் தளத்தில் தேடினால் கிடைக்கக்கூடிய உண்மையான பி.என்.ஆர். (பதிவு எண்) ஆக இருக்க வேண்டும்.

காப்பீட்டில் மருத்துவச் செலவும் ஊர் திரும்பக் கொண்டுவரும் செலவும் சேர்த்துக் குறைந்தது 30,000 யூரோ. ஷெங்கன் முழுவதும் செல்லும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். முதல் விண்ணப்பம் என்பதால் பத்து விரல் ரேகையும் நேரில் எடுப்பார்கள். அந்த வாரம் கல்யாணம் ஏதாவது இருந்தால் விரல் நுனியில் மருதாணி வேண்டாம்; ரேகை பதியாமல் திரும்பி வர நேரும். இந்த ரேகை 59 மாதங்களுக்குள் அடுத்த விண்ணப்பத்துக்கும் பயன்படும்.

விமானத்தில் ஒரு நுணுக்கம். ஃப்ராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் குடியேற்றச் சோதனை வியன்னாவில் இல்லை, ஃப்ராங்க்ஃபர்ட்டில். நீங்கள் முதலில் தொடும் ஷெங்கன் விமான நிலையம் அதுதான். ஐரோப்பாவின் புதிய நுழைவுப் பதிவு முறை 2025 அக்டோபரில் தொடங்கியதிலிருந்து, முதல் தடவை வருபவரை அங்கேயே முகப்படம் எடுக்கிறார்கள்; விசாவுக்குக் கொடுத்த விரல் ரேகையையும் சரிபார்க்கலாம். அந்த வரிசையைக் கணக்கில் கொண்டு மாற்று விமானத்துக்கு இரண்டரை மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். துபாய், தோஹா வழியாகப் போனால் இந்தச் சோதனை வியன்னாவிலேயே நடக்கும். அதன் பிறகு பிடிக்க வேண்டிய விமானம் இல்லாததால் படபடப்பு குறைவு. முதல் பயணத்துக்கு இந்த வழியையே சொல்வேன். லண்டன் வழி மலிவாகத் தெரிந்தாலும், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்கும் பொதுவாகத் தனி விசா வேண்டும்.

சரி, தங்குமிடம். ஆஸ்திரியா சென்டர் ஊரின் நடுவில் இல்லை. டானூப் ஆற்றைத் தாண்டி 22-ஆவது மாவட்டத்தில், ஐ.நா. அலுவலக வளாகத்தை ஒட்டி இருக்கிறது. பக்கத்திலேயே உள்ள ஹோட்டல்கள் கொஞ்சம்தான்; மாநாட்டு வாரத்தில் அவை முதலில் நிரம்பும், விலையும் ஏறும். அங்கே இடம் கிடைக்கவில்லை என்று கவலைப்படத் தேவையில்லை. பார்க்க வேண்டியது தூரத்தை இல்லை, ரயில் பாதையை. சிவப்பு நிற யு1 மெட்ரோ பாதையில் கைஸர்மியூலன் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே மாநாட்டுக் கட்டடம். அதே யு1-இல் பிராட்டர்ஸ்டெர்ன், நெஸ்ட்ராய்ப்ளாட்ஸ், ஷ்வேடன்ப்ளாட்ஸ், கார்ல்ஸ்ப்ளாட்ஸ், ஹவுப்ட்பான்ஹோஃப் (மத்திய ரயில் நிலையம்), கெப்ளர்ப்ளாட்ஸ் எல்லாம் வருகின்றன. இவற்றில் எதிலிருந்தும் ஐந்து முதல் பத்து நிமிட நடைக்குள் அறை கிடைத்தால், ரயில் ஏறிய பிறகு வண்டி மாறாமல் சுமார் கால் மணி நேரத்தில் மாநாட்டில் இருப்பீர்கள். சில்க் போர்டு சந்திப்பில் ஒரு சிக்னலுக்கு நிற்கும் நேரம் அது. வேறு பாதையில் இருபது யூரோ மலிவாக ஓர் அறை கிடைத்தாலும், காலை 8:30 அமர்வுக்குப் போஸ்டர் குழாயோடு இரண்டு தடவை வண்டி மாறுவது ஐந்து நாளும் இழுக்கும்.

விளம்பரத்தில் ‘நகர மையம்’ என்று போட்டிருப்பதை நம்பாமல் பின்கோடைப் பாருங்கள். வியன்னாவின் நான்கு இலக்கப் பின்கோடில் நடு இரண்டு இலக்கம் மாவட்ட எண். 1020 என்றால் 2-ஆவது மாவட்டம், 1100 என்றால் 10, 1220 என்றால் மாநாடு நடக்கும் 22. முகவரியில் 12/2/15 என்று இருந்தால், 12-ஆம் எண் கட்டடம், 2-ஆவது படிக்கட்டு, 15-ஆம் கதவு. இது தெரியாமல் முதல் நாள் இரவு, பெட்டியோடு தவறான படிக்கட்டில் நான்கு மாடி ஏறி இறங்குபவர்கள் உண்டு.

தோழியோடு பகிர்வதில் தவறே இல்லை. சைவக்காரருக்குச் சமையலறை உள்ள அபார்ட்மென்ட், ஹோட்டலைவிட நல்லதும்கூட. ஆனால் பதிவு உறுதித் தாளில் இரண்டு பேர் பெயரும் இருக்க வேண்டும். ஒருவர் பெயரில் மட்டும் எடுத்துவிட்டு மற்றவர் அதையே விசாவுக்கு வைத்தால், அவருக்குத் தங்குமிடம் இல்லை என்றுதான் அர்த்தம். இலவசமாக ரத்து செய்யக்கூடிய பதிவாக எடுங்கள். ரத்துக்கான கடைசி நாள் விசா முடிவு வரும் நாளுக்குப் பிறகு இருக்க வேண்டும். விசா கிடைப்பதற்கு முன் அந்தப் பதிவை ரத்து செய்யாதீர்கள், தூதரகம் ஹோட்டலுக்கே கேட்டுப் பார்ப்பது உண்டு. வியன்னாவில் வீட்டைக் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடுவதற்கு 2024 ஜூலை முதல் ஆண்டுக்கு 90 நாள் என்ற வரம்பு இருக்கிறது, அதற்கு மேல் அனுமதி வாங்க வேண்டும். ஆகவே நிறைய விமர்சனம் உள்ள, முறையான பில் தரும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். அறை கொடுப்பவர் பாஸ்போர்ட் விவரம் கேட்டால் பயப்பட வேண்டாம். விருந்தினரைப் பதிவு செய்வது அங்கே சட்டம். நகரத் தங்கல் வரி விலையில் சேர்ந்திருக்கிறதா, அங்கே போய்த் தனியாகக் கட்ட வேண்டுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இதைப் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். நிகழ்ச்சி நிரலில் உங்கள் பெயர் வெளியான சில நாளில், ‘மாநாட்டின் தங்குமிடப் பிரிவிலிருந்து எழுதுகிறோம், சிறப்பு விலை இன்று இரவோடு முடிகிறது, கார்டு எண்ணை இந்தப் படிவத்தில் நிரப்புங்கள்’ என்று ஒரு மின்னஞ்சல் வரலாம். சில சமயம் போனிலும் கூப்பிடுவார்கள். மாநாட்டுத் தளத்தில் தங்குமிடத்துக்கு யார் பெயர் போட்டிருக்கிறதோ அவர்களைத் தவிர வேறு யாருக்கும் கார்டு விவரம் தராதீர்கள். பணம் போவது ஒரு பக்கம். அந்த அறை இல்லவே இல்லை என்பது விசா ஆவணங்களைப் பார்க்கும்போது தெரிந்தால் விண்ணப்பமும் போகும்.

கிளம்பும் இரவு, சர்வதேச விமானங்கள் பெங்களூருவில் டெர்மினல் 2. மெஜஸ்டிக்கிலிருந்து வாயு வஜ்ரா பேருந்து இருக்கிறது. சனிக்கிழமை இரவு ஹெப்பாள் மேம்பாலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், ஒன்பதரைக்குள் கிளம்பிவிடுங்கள். வியன்னா விமான நிலையத்தில் இறங்கியதும் பச்சை நிற விளம்பரங்களோடு ‘கேட்’ என்ற விரைவு ரயில் கண்ணில் படும். 16 நிமிடத்தில் நகருக்குள் கொண்டுவிடும், ஆனால் விலை அதிகம், ஊர் டிக்கெட் அதில் செல்லாது. அதற்குப் பதிலாக ஆஸ்திரிய ரயில்வேயின் சாதாரண ரயிலில் ஹவுப்ட்பான்ஹோஃப் போனால் சுமார் கால் மணி நேரம். அங்கேயே கீழே இறங்கி யு1-இல் லியோபோல்டாவ் திசை வண்டியைப் பிடிக்கலாம். விமான நிலையம் நகர எல்லைக்கு வெளியே இருப்பதால் நகரப் பாஸ் மட்டும் போதாது, அந்தத் துண்டுக்குத் தனி டிக்கெட் வேண்டும். அங்கே மெட்ரோவில், பெங்களூருவின் ‘நம்ம மெட்ரோ’ மாதிரி டிக்கெட்டைக் காட்டினால் திறக்கும் தடுப்புக் கதவு கிடையாது. யாரும் கேட்கவில்லையே என்று ஏறிவிடக் கூடாது. திடீரென்று பரிசோதகர் வந்தால் அபராதம் 100 யூரோவுக்கு மேல். காகித டிக்கெட்டை நுழைவாயிலில் உள்ள சிறு பெட்டியில் செருகி முத்திரை குத்தாவிட்டால் அதுவும் டிக்கெட் இல்லாத கணக்குதான். பாஸ் வாங்குவதற்கு முன், பதிவுக் கட்டணத்தில் நகரப் பயணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இறங்குகிறீர்கள் என்பது சாப்பாட்டில் முக்கியம். ஆஸ்திரியாவில் ஞாயிறன்று சூப்பர்மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் சில கடைகள் மட்டும் விலக்கு. ஹவுப்ட்பான்ஹோஃபில் வண்டி மாறும்போதே பால், தயிர், ரொட்டி, பழம் வாங்கிக்கொண்டு அறைக்குப் போங்கள். தயிருக்கு ‘நாட்டூர்யோகுர்ட்’ என்று தேடுங்கள். பக்கத்திலேயே அதே மாதிரி டப்பாவில் இருக்கும் ‘ஸவர்ராம்’ புளித்த க்ரீம், அதைச் சாதத்தில் பிசைந்தால் நன்றாக இருக்காது. பாஸ்மதி அரிசி எல்லாக் கடையிலும் கிடைக்கும். உணவகத்தில் ‘வெகெடாரிஷ்’ என்று கேட்டால் புரியும், ஆனால் முட்டை அதில் அடக்கம். சூப்பில்தான் ஏமாறுவோம்: காய்கறி சூப் என்று இருந்தாலும் அடியில் மாட்டிறைச்சி வேகவைத்த நீர் இருக்கலாம், கேட்காமல் வாங்காதீர்கள். ‘ஸ்பெக்’, ‘ஷிங்கன்’ இரண்டும் பன்றி இறைச்சி. உருளைக்கிழங்கு சாலட்டில்கூடப் பொடிப்பொடியாக வரும். குடிநீர் வாங்கவே வேண்டாம். 1873-லும் 1910-லும் கட்டிய இரண்டு குழாய்ப் பாதைகளில் மலை ஊற்று நீர்தான் வியன்னாக் குழாயில் வருகிறது.

ஊரிலிருந்து கொண்டுபோவதில் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அவல், ரவை தாராளமாகப் போகலாம். ஊறுகாயும் புளிக்காய்ச்சலும் செக்-இன் பெட்டியில், இரண்டு உறை போட்டு. ஆனால் அம்மா எவ்வளவு சொன்னாலும் நெய், பால்கோவா வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருளும் இறைச்சியும் வெளிநாட்டுப் பயணி கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். காய்ந்த இலையைப் பொடியில் அரைத்துவிடுங்கள். கொப்பரையைப் பெங்களூரு விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள், அது தீப்பற்றும் பொருள் பட்டியலில் இருக்கிறது.

மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட். இரண்டு முள் போன் சார்ஜர் பெரும்பாலும் அப்படியே நுழையும். லேப்டாப்பின் மூன்று முள் பிளக் நுழையாது, அதற்கு ஓர் அடாப்டர் இங்கேயே வாங்கிவிடுங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். குளியலறையில் கழுவுவதற்குக் குழாய் இருக்காது, ஒரு சின்ன மக் பெட்டியில் இருக்கட்டும். ஏப்ரலில் காலையில் 5 டிகிரியும் மதியம் 15-ம் இருக்கலாம், ஆற்றுக் காற்று வேறு. ஒரு கனமான கோட்டைவிட ஸ்வெட்டரும் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட்டும் நல்லது. போஸ்டரைத் துணியில் அச்சடித்தால் மடித்துப் பெட்டிக்குள் வைக்கலாம். குழாயில் கொண்டுபோனால் சில விமானங்களில் அதையே ஒரு கைப்பையாக எண்ணிவிடுவார்கள். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், பலகை அகலவாக்கா நெட்டுவாக்கா என்று மாநாட்டுக் குறிப்பில் பாருங்கள்.

பணத்துக்கு யூரோவில் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று, கையில் 150 முதல் 200 யூரோ நோட்டு. சாதாரண டெபிட், கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாக இயங்காது, வங்கி ஆப்பில் நீங்கள்தான் திறக்க வேண்டும். கடை இயந்திரம் ‘ரூபாயா, யூரோவா’ என்று கேட்டால் எப்போதும் யூரோ; ரூபாயைத் தொட்டால் அவர்கள் சொல்வதுதான் மாற்று விகிதம். இந்திய சிம்மில் ரோமிங்கைக் கிளம்புவதற்கு முன்பே திறந்து வையுங்கள், வங்கியின் ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

கல்லூரி அல்லது அரசுத் திட்டம் பணம் திருப்பித் தருகிறது என்றால், டிக்கெட் எடுப்பதற்கு முன் கணக்குப் பிரிவில் கேளுங்கள். மத்திய அரசுப் பணத்தில் பறப்பவர்கள் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. இந்த மூன்றில் ஒன்றின் வழியாகத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். பயணத்துக்கு 21 நாள் முன்பாவது எடுக்கச் சொல்கிறது விதி. வேறு தளத்தில் மலிவாக வாங்கிய டிக்கெட் பில்லை அப்படியே திருப்பிவிடுவார்கள். போர்டிங் பாஸ் நான்கு துண்டு என்றால் நான்கையும் பத்திரப்படுத்தி, அன்றன்றே படமும் எடுத்துவிடுங்கள், அந்த மை சீக்கிரம் மங்கும். அறை வாடகையை இருவர் பிரித்துக்கொண்டால், காலி செய்யும் காலையில் ஆளுக்கொரு பில், அவரவர் பாஸ்போர்ட் பெயரில், தங்கிய தேதிகளோடு கேட்டு வாங்குங்கள். ஊர் வந்த பிறகு மின்னஞ்சலில் கேட்டால் பதில் வர வாரக்கணக்கில் ஆகும்.